அசையாமல் உட்கார்ந்த குட்டி

கெலவரப்பள்ளி
2.12.2024

காவேரிக்கு, உன் அண்ணன் கோவிந்தப்பன் எழுதுவது.

நேற்று போனில் பேசியது போதும். நான் ஒரு பேச்சு பேசுவதற்குள் நீ மூன்று பேச்சு பேசுகிறாய். நடுவில் உன் மகள் மேகலா போனைப் பிடுங்கி, "மாமா, எங்கம்மாகிட்ட கத்தாதீங்க, பிரஷர் ஏறிடும்" என்கிறாள். அறுபத்தொன்பது வயதில் எனக்கு ஏறாதா பிரஷர்? இனி இந்த விஷயத்துக்குப் போன் கிடையாது. சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுது. நம் ஊர் முனிவேல் தினமும் போச்சம்பள்ளிக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறான், அவனிடம் கொடுத்தனுப்பு. எழுத்தில் இருந்தால்தான் யார் என்ன சொன்னார்கள் என்று பிறகு மாற்றிப் பேச முடியாது.

என் பக்கத்தை முதலில் எழுதிவிடுகிறேன். என் துரை நாலு வயது கறுப்பு லேப்ரடார். அணைக்கரை முழுக்க ஓடிவிட்டு வந்து, இன்னும் ஓடலாமா என்று என் முகத்தைப் பார்க்கும். அதன் கொள்ளுத்தாத்தா கர்னலை இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பெங்களூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அன்று முதல் வெளி நாய் ஒன்றையும் நான் சேர்த்ததில்லை. என் ஆண் நாயோடு சேர்க்க, என்னிடம் வாங்கிய பெட்டையைக் கொண்டுவருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பிறக்கும் குட்டிகளில் முதல் தேர்வு என்னுடையது. அந்தக் குட்டியை வளர்த்து மறுபடி என் நாய்க்கே சேர்ப்பேன். ரத்தம் வெளியே போகாது, வெளி ரத்தம் உள்ளே வராது. எனக்கு இதைக் காலேஜில் யாரும் சொல்லித் தரவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய நாய்ப் புத்தகங்களை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே படித்தேன்.

உன் முத்துவும் நான் கொடுத்ததுதான். துரையின் அப்பனுக்குப் பிறந்த பெட்டை. அது துரைக்கு ஏழு குட்டி போட்டது. அதில் ஒன்று, நீ பொட்டு என்று பேர் வைத்து வைத்திருப்பது, மூன்று மாதமாகியும் சரியாக நடக்கவில்லை என்றால் துரை என்ன செய்யும்? உன் வீட்டுத் தரை வழுக்குகிறது. தாய்க்குச் சரியாகத் தீனி போட்டிருக்க மாட்டாய், பால் பத்தியிருக்காது. வளர்ப்பில் இருக்கிறது கோளாறு.

நான் எடுத்துவந்த ராஜாவை எண்ணிப் பார். அன்று உன் வீட்டுக் கூடத்தில் மற்ற ஆறும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து புரண்டுகொண்டிருந்தன. அது மட்டும் அசையாமல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அதுதான் லட்சணம். கண் இருப்பவனுக்குத் தெரியும்.

பொட்டுவுக்குக் கேழ்வரகுக் கூழில் முட்டை அடித்துக் கொடு. தரையில் சாக்கு விரி.

கோவிந்தப்பன்


போச்சம்பள்ளி
6.12.2024

அண்ணாவுக்கு, காவேரி.

முனிவேல் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "இன்னா அத்தே, வாட்ஸ்ஆப்புல ஒரு வாய்ஸ் போட்டா முடிஞ்சிது. என்னைத் தபால்காரனா ஆக்கிட்டாரே ஒங்கண்ணன்" என்று சிரித்தான். "அவரு அப்படித்தான்டா, நீ டீ குடி" என்றேன். நீ கேட்டபடியே எழுதுகிறேன்.

சாக்கு, குட்டி போட்ட அன்றே விரித்தாயிற்று. முத்துவுக்குக் களி, முட்டை, கோழிக்கால் எல்லாம் வேளை தவறாமல் போனது. பால் பத்தவில்லை என்றால் ஏழு குட்டிக்கும் அல்லவா பத்தாமல் போயிருக்க வேண்டும்? ஐந்து குட்டிகள் எடுத்துப் போனவர்கள் வீட்டில் செருப்பைக் கடித்துக்கொண்டு திரிகின்றன. வாராவாரம் யாராவது சண்டைக்கு வருகிறார்கள்.

இருபத்தேழு வருடம் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை போட்டவள் நான். எங்கள் மையத்துக்குப் புது மிஷின் வந்தபோது ஒதுக்கிப் போட்ட தொங்கு தராசு இன்னும் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் ஏழு குட்டியையும் அதில் தொங்கவிட்டு, பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரியே அட்டையில் கோடு போட்டேன். இரண்டு வாரம் வரை ஏழு கோடும் சேர்ந்தே ஏறின. அதன் பிறகு இரண்டு கோடு மட்டும் படுத்துவிட்டன. ஒன்று பொட்டு. இன்னொன்று உன் ராஜா. பிறந்தபோது அதுதான் பெரியது, அதனால் பார்வைக்குத் தெரியவில்லை.

நீ எடுத்த அன்றைக்கே சொன்னேன். "அண்ணா, இது எடை ஏறல. வேற ஒன்னு எடுத்துக்க." அதற்கு நீ என்ன சொன்னாய்? "தராசுல போட்டு எடுக்க நானு கத்திரிக்காயா வாங்க வந்தேன்?"

பொட்டு நாலு அடி ஓடுகிறது. ஐந்தாவது அடியில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி குதிக்கிறது. அப்புறம் நெஞ்சு தரையில் பட விழுகிறது. வலி இருப்பதாகத் தெரியவில்லை, விழுந்தபடியே வாலை ஆட்டுகிறது. தலை தொங்குகிறது. தின்றது தொண்டையோடு நின்று திரும்பி வருகிறது. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா லீவில் இருக்கிறார், வந்ததும் காட்டப்போகிறேன்.

ராஜா எப்படி இருக்கிறது? மற்றதை விடு. இதற்கு மட்டும் பதில் எழுது.

காவேரி


கெலவரப்பள்ளி
11.12.2024

காவேரிக்கு.

ராஜாவுக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வருடம் குளிர் அதிகம். உனக்குத் தெரியாது, உங்கள் ஊர் வெயில் ஊர். இங்கே காலை ஒன்பது மணிவரை எதிரில் வருகிறவன் முகம் தெரியவில்லை. அதனால் ராஜா உள்ளே படுத்திருக்கிறது. குளிரில் எந்தக் குட்டியும் படுக்கத்தான் செய்யும். உன் அண்ணி நஞ்சம்மா தன் பழைய சால்வையை அதற்குப் போட்டு வைத்திருக்கிறாள். கேட்காமலே செய்தாள்.

உன் எடை அட்டை மனிதப் பிள்ளைகளுக்கு. நாய்க்கு அட்டை போட்டு யாரும் வளர்க்கவில்லை.

பொங்கல் வாக்கில் என் வீட்டுப் பெட்டை ரோஜா பருவத்துக்கு வந்துவிடும். துரையோடு சேர்க்கப்போகிறேன். பெங்களூரிலிருந்து ஆறு குடும்பங்கள் குட்டிக்குச் சொல்லிவைத்திருக்கின்றன. அதில் ஒரு அம்மா கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி பேசுகிறவர். தன் மகள் துரையின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள் என்றார். துரையின் பேர் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. நீ அங்கே ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்து அந்தப் பேரை யார் வாயிலாவது விழவைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

கோவிந்தப்பன்


போச்சம்பள்ளி
19.12.2024

அண்ணாவுக்கு.

பொட்டுவைக் காட்டினேன். டாக்டரம்மா பேர் வினோதா, சின்ன வயதுதான். பொட்டுவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் ஆடவில்லை. நாலு முறை தட்டினார். கூட வந்த முத்துவைத் தட்டியதும் அது அவரையே உதைத்தது.

"ஏம்மா, அப்பன் நாயும் ஆத்தா நாயும் ஒரே வூட்டு வழியா?" என்றார்.

"ஒரே அப்பனுக்குப் பொறந்ததுங்க" என்றேன். உன் பேரைச் சொல்லவில்லை.

"இது தீனிக் கோளாறு இல்லீங்கம்மா. தசையில இருக்கிற பிறவிக் கோளாறு மாதிரி தெரியுது. அப்பன்கிட்ட ஒரு பாதி, ஆத்தாகிட்ட ஒரு பாதி இருக்கும். பாதி மட்டும் இருக்கிற நாயி நல்லா ஓடும், ஒன்னும் தெரியாது. ரெண்டு பாதியும் ஒரே குட்டிக்கு வந்து சேர்ந்தா இப்படி. நாலுல ஒன்னுக்கு வரலாம்."

"மருந்து?"

"கிடையாதுங்க. ஒரு வயசுக்கு மேல இதுக்கு மேல மோசமாகாம நிக்கலாம். குளிர் ஆகாது. பாத்துப் பாத்துச் சோறு குடுக்கணும். ஆனா இனிமே பொறக்காம தடுக்கலாம்."

கன்னத்துக்குள் சின்னப் பிரஷ்ஷால் தேய்த்து பெங்களூர் லேபுக்கு அனுப்பினால் தெரிந்துவிடுமாம். பொட்டுவுக்கும் முத்துவுக்கும் தேய்த்து அனுப்பிவிட்டார். துரைக்காக ஒரு பிரஷ் வாங்கி முனிவேலிடம் கொடுத்திருக்கிறேன். துரையின் கன்னத்தில் பத்து முறை தேய்த்து, காயவைத்து, உறையில் போட்டுக் கொடு. அது தெரியும்வரை ரோஜாவோடு சேர்க்காதே. நான் கேட்பது இவ்வளவுதான்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும் என்றது நீ. உன் முதல் கடிதத்தில் பால் பத்தியிருக்காது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.

என் மகன் குமரவேலுக்குப் பத்து மாதமாகியும் தலை நிற்கவில்லை. உன் மகன் பிரகாஷின் காது குத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். பந்தலில் பெரியம்மா, "ஏன் புள்ள இப்படித் தொவண்டு கெடக்குது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ சொன்னாய், "பால் பத்தல அவளுக்கு. புள்ள வளக்கத் தெரியல." நாற்பது பேர் இருந்தார்கள். என் மாமியாரான நம் பாட்டியும் இருந்தார். அடுத்த வருடம் அவன் போனபோது அந்தப் பேச்சைத்தான் எல்லாரும் திரும்பச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் சாகும்வரை சொன்னார். அவர் நமக்குத் தாய்மாமன். என்னை மாமாவுக்கே கொடுத்துவிடலாம், ரத்தம் வெளியே போகாது என்று முதலில் சொன்னதும் நீதான்.

அவனுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் யாரும் பார்க்கவில்லை. இதே மாதிரிதான் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் அது பாலால் வந்தது இல்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் இருபத்தேழு வருடம் எடை போட்ட பிறகு இதைச் சொல்கிறேன்.

காவேரி


கெலவரப்பள்ளி
24.12.2024

காவேரிக்கு.

பிரஷ்ஷைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உறையைப் பிரிக்கவில்லை.

நாய் விஷயத்தில் பிள்ளை விஷயத்தைக் கொண்டுவந்து போடுவது நியாயமா? நாற்பது வருடம் மனதில் வைத்திருந்துவிட்டு இன்று எடுத்து வீசுகிறாய். நான் அப்போது இருபத்தொன்பது வயதுக்காரன். மாமாவுக்குக் கொடுக்கலாம் என்று சொன்னேன், ஊரே அப்படித்தான் கொடுத்தது. என்னை மட்டும் கூண்டில் ஏற்றாதே.

உன் டாக்டரம்மா பள்ளிக்கூடம் போகும்போதே நாய் பார்க்கத் தொடங்கியவன் நான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு குட்டி இப்படி ஆனதில்லை. அவரவர் வீட்டுக்குப் போன பிறகு எது எது எப்படி ஆனது என்று தெரியாது என்பாய். எனக்குத் தெரியும். ஆகியிருந்தால் வந்து சொல்லியிருப்பார்கள்.

துரையை ரோஜாவோடு சேர்ப்பேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கோவிந்தப்பன்


போச்சம்பள்ளி
31.12.2024

அண்ணாவுக்கு.

நீ சேர்த்தால் நான் வந்து தடுக்கப் போவதில்லை. பெங்களூர்க்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்லவும் மாட்டேன். சொல்ல வேண்டியது உன் வாய், என் வாய் அல்ல.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முப்பத்தொரு வருடம் ஓசூர்ப் பட்டறையில் லேத் ஓட்டினாய். கல்யாண வீட்டில் உட்கார்ந்தால்கூட அந்தக் கதைதான். சூப்பர்வைசர் வந்து, "பாத்தாலே தெரியுதேப்பா, பாஸ் பண்ணு" என்றானாம். "கண்ணு பாஸ் பண்ணும் சார், கேஜ் பாஸ் பண்ணாது" என்று அளவுக் கருவியைக் காட்டி, நீ ஒரு பெட்டி முழுக்கத் திருப்பி அனுப்பினாயாம். நூறு முறை சொல்லியிருப்பாய்.

இரும்புக்குக் கேஜ் வேண்டும், உயிருக்கு உன் கண் போதுமா?

அதே பிரஷ்தான். மறுபடியும் அனுப்புகிறேன். முனிவேல் தலையில் அடித்துக்கொண்டான். "அத்தே, இந்தக் குச்சிக்கே நான் ஒரு சீட் ஒதுக்கிட்டேன்" என்கிறான்.

காவேரி


கெலவரப்பள்ளி
18.1.2025

காவேரிக்கு.

பொங்கல் ஆயிற்று. அண்ணிக்குக் காலில் வீக்கம், இப்போது பரவாயில்லை. ரோஜா பருவத்துக்கு வந்தது. மேகலாவுக்கு வேலையில் ஷிப்ட் மாற்றிவிட்டதாக முனிவேல் சொன்னான். பார்த்துப் போகச் சொல்.

கேட்க வேண்டும் என்றிருந்தேன். பொட்டுவுக்குச் சோறு வைக்கும் கிண்ணத்தை எவ்வளவு உயரத்தில் வைக்கிறாய்? கையில் உருட்டிக் கொடுக்கிறாயா, கரைத்து ஊற்றுகிறாயா? கரைத்தால் மூக்கு வழியாக வருமா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் குட்டி வைத்திருக்கிறார், அதற்காக.

முனிவேல் நாளை காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறான். மாலைக்குள் பதில் வந்தால் நல்லது.

கோவிந்தப்பன்


போச்சம்பள்ளி
19.1.2025

அண்ணா,

முனிவேல் பஸ்ஸை நிறுத்திவைத்துக்கொண்டு நிற்கிறான். அதனால் முதலில் வேண்டியதை எழுதுகிறேன்.

கிண்ணம் குட்டியின் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும். குனிந்து தின்றால் இறங்காது. நான் படியில் முன்னங்காலை ஏற்றிவைத்து நிற்க வைக்கிறேன். கரைத்து ஊற்றாதே, மூச்சுக்குள் போய்விட்டால் நெஞ்சில் சளி கட்டும். களியைக் கொஞ்சம் இளக்கமாகக் கிளறி நெல்லிக்காய் அளவு உருட்டு. ஒன்று இறங்கிய பிறகு அடுத்தது. தின்றதும் படுக்க விடாதே. கால் மணி நேரம் மடியில் நிமிர்த்திப் பிடி, குழந்தைக்கு ஏப்பம் விடவைப்போமே, அதே மாதிரி. ஒரு நாளைக்கு நாலு வேளை. வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வை. இருமினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டு.

பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு இதைச் சொல்லு. அவர் மூக்கு வழியாக வருமா என்று கேட்டிருக்கிறார் என்றால் ஏற்கெனவே வந்திருக்கிறது. அவர் வயதானவர், தரையில் உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் வலிக்கும். முக்காலி போட்டுக்கொள்ளச் சொல்லு.

லேபிலிருந்து வந்துவிட்டது. பொட்டுவுக்கு இரண்டு பாதியும் இருக்கிறது. முத்துவுக்கு ஒரு பாதி. முத்துவின் பேரில் உள்ள குறையை நான் எழுத்திலேயே ஒத்துக்கொள்கிறேன். அது என் நாய். எனக்கும் வருத்தம்தான். இனி அதற்குக் குட்டி கிடையாது.

குட்டியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் மேல் இருக்கிறது. அது நாயால் தீராது. நாற்பது பேர் நடுவில் சொன்னதை ஒரு கடிதத்தில் திருப்பி எடுக்க முடியாது, அண்ணா. நீ எடுப்பாய் என்றும் நான் காத்திருக்கவில்லை.

ஹாரன் அடிக்கிறான்.

காவேரி


கெலவரப்பள்ளி
24.2.2025

காவேரிக்கு.

பக்கத்துத் தோட்டத்தில் யாரும் குட்டி வைத்திருக்கவில்லை. உனக்கே தெரியும்.

ராஜா டிசம்பர் முதல் வாரத்திலேயே விழத் தொடங்கியது. நீ எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதியபோது என் காலடியில்தான் கிடந்தது. குளிர் என்று எழுதினேன். குளிர் என்றே நானும் நம்பினேன். அசையாமல் உட்கார்ந்திருந்தது என்று பெருமைப்பட்டேனே, எழுந்திருக்கத் தெம்பில்லாமல்தான் உட்கார்ந்திருந்தது. இதை எழுதவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ரோஜாவோடு சேர்க்கவில்லை. உன் கேஜ் கடிதம் வந்த அன்று துரையைக் கொண்டுபோய்ப் பிரகாஷ் வீட்டு மாடியில் கட்டினேன். ரோஜாவின் பருவம் முடிந்த பிறகு அழைத்துவந்தேன். பிரஷ்ஷைத் தேய்த்தபோது துரை, ஏதோ தின்னக் கொடுக்கிறேன் என்று நினைத்து வாயைத் திறந்து காட்டியது. லேபில் துரைக்கும் ஒரு பாதி என்று வந்துவிட்டது. ரோஜாவுக்கும் இன்னொரு பிரஷ் வாங்கித் தேய்த்து அனுப்பினேன், அதற்கும் ஒரு பாதி. கர்னலிலிருந்து வந்திருக்க வேண்டும். வெளியே விடாமல் வாசலை அடைத்துக் காத்தேன், அந்தக் கோளாறையும் சேர்த்தே காத்து வந்திருக்கிறேன்.

துரைக்கு இனிக் குட்டி பிறக்காதபடி ஆபரேஷன் செய்தாயிற்று. ரோஜாவுக்கும். டாக்டர், "இவ்ளோ நல்ல நாயி, யோசிச்சிக்கோங்க பெரியவரே" என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன், கத்தியை எடு என்றேன். சுவரில் படம் ஒட்டிய பிள்ளையின் அம்மாவுக்கு நானே போன் செய்து குட்டி கிடையாது என்றேன். "யாக்கே அங்கிள்?" என்று காரணம் கேட்டார். சொன்னேன். இத்தனை வருடத்தில் குட்டி வாங்கிப் போனவர்களில் நம்பர் கிடைத்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். சூளகிரியில் ஒருவர், "நாலு வருஷம் முன்னாடி எங்களுது அப்படித்தாங்க போச்சு. நாங்கதான் சரியா வளக்கலைன்னு இருந்துட்டோம். ஒங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சு" என்றார். அதன் பிறகு அன்றைக்கு வேறு யாருக்கும் போன் செய்யவில்லை.

இதனால் நீ சொன்னதெல்லாம் சரி என்று ஆகாது. உன் டாக்டரம்மா சுத்தியலை மட்டும் வைத்துக்கொண்டு சொன்னது அவசரம்தான். லேபுக்காரன் மூன்று வாரம் இழுத்தடித்தான். நீ போனில் பேசிய பேச்சும் அதிகம்தான். அதை நான் மறக்கவில்லை.

மார்ச் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, பிரகாஷின் பையனுக்குக் காது குத்து. பத்திரிகை இதோடு இருக்கிறது. அந்தப் பந்தல் போட்ட அதே இடத்தில்தான் பந்தல். அன்றைக்கு இருந்த நாற்பது பேரில் பதினோரு பேர் இருக்கிறார்கள். பெரியம்மாவுக்குக் காது மந்தம், ஆனால் அழைத்துவர ஆள் சொல்லிவைத்திருக்கிறேன். மற்றவர்களுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்தேன். இலை போடுவதற்கு முன் நான் எழுந்து நின்று, குமரவேல் போனது உன் பாலால் இல்லை, வளர்ப்பால் இல்லை, அன்று நான் தெரியாமல் சொன்னேன் என்று சொல்லப்போகிறேன். பெரியம்மாவுக்குக் கேட்கும்படி கத்திச் சொல்வேன். நீ வராவிட்டாலும் சொல்வேன், ஆனால் வா.

பந்தலில் அழுது தொலைக்காதே. எனக்குப் பிடிக்காது.

வரும்போது தராசைக் கொண்டுவா. ராஜா இந்த மாதம் கொஞ்சம் ஏறியிருக்கிற மாதிரி என் கண்ணுக்குத் தெரிகிறது. போட்டுப் பார்த்தால்தான் நிச்சயம்.

அண்ணன்
கோவிந்தப்பன்